எட்டு வருடம் திறக்காத பாட்டில்

2016 அக்டோபரில், இத்தாலியின் டூரின் நகரத்துக்குப் படிக்க வந்த புதிதில், கூடப் படித்த நண்பன் ஒருவன் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்குத் தன் வீட்டுக்கு அழைத்தான். ஊர் மோன்ஃபோர்தே தால்பா. டூரின் இருக்கும் பீட்மாண்ட் மாநிலத்தின் தென்பகுதியில், லாங்கே மலைகளில் இருக்கிறது. வெறுங்கையோடு யார் வீட்டுக்கும் போகக் கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்டவன் நான். நம்மூராக இருந்தால் ஒரு கிலோ ஆப்பிள், ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வேலை முடிந்திருக்கும். இங்கே என்ன கொண்டுபோவது? ஒயின் ஊருக்குப் போகிறோம், ஒயினே கொண்டுபோவோம் என்று கடையில் நின்று யோசித்து, 38 யூரோ கொடுத்து, அந்த மலைகளின் பேர்பெற்ற சிவப்பு ஒயினான பரோலோவில் 2012ஆம் ஆண்டு அறுவடைப் பாட்டில் ஒன்றை வாங்கினேன். அது எனக்கு ஒரு வாரச் சாப்பாட்டுச் செலவு.

நண்பனின் அப்பா பாட்டிலை இரண்டு கைகளாலும் வாங்கினார். மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டு லேபிளை முழுக்கப் படித்தார். "பெல்லிஸ்ஸிமோ", ரொம்ப அழகு, என்றார். அப்புறம் அதை எடுத்துக்கொண்டு நிலவறைப் படிகளில் இறங்கிப் போய்விட்டார். மேலே வந்தபோது கையில் இருந்தது வேறு பாட்டில். அதில் லேபிள்கூட இல்லை. வீட்டிலேயே செய்த தோல்செத்தோ, அந்த ஊரில் தினப்படிக்குக் குடிக்கிற சிவப்பு ஒயின். அதைத்தான் எல்லோருக்கும் ஊற்றினார், நாலு மணி நேரம் சாப்பிட்டோம், என் பாட்டில் மேசைக்கு வரவே இல்லை.

திரும்பி வரும் ரயிலில் எனக்கு முகம் சுருங்கிப் போயிருந்தது. விருந்தாளி கொண்டுவரும் பழத்தை அவர் கண் முன்னாலேயே நறுக்கி அவருக்கும் ஒரு துண்டு கொடுக்கிற வீட்டில் பிறந்தவனுக்கு இது எப்படி இருக்கும்? நல்லதைப் பதுக்கிக்கொண்டு, சாதாரணத்தை எனக்கு ஊற்றியிருக்கிறார்கள். இப்படித்தான் பட்டது. நண்பனிடம் கேட்கவும் கூச்சம். கேட்காத கேள்வி ஒன்று உள்ளே கிடந்தால் அது என்ன பாடு படுத்தும் என்று தெரியுமே.

அந்த எரிச்சலில், பரோலோ என்பதில் அப்படி என்னதான் இருக்கிறது பார்த்துவிடுவோம் என்று சில வாரம் கழித்து ஆல்பா நகரத்து மதுக்கூடம் ஒன்றில் ஒரு கிளாஸ் வாங்கிக் குடித்தேன். வெறும் வயிறு. நிறமே முதல் ஏமாற்றம்: சிவப்பு ஒயின் என்றால் நாவல்பழச் சாறு மாதிரி கறுத்து நிற்கும் என்று நினைத்திருந்தேன், இது தண்ணீர் கலந்த மாதுளைச் சாறு போலக் கிளாஸுக்கு அந்தப் பக்கம் தெரிகிற அளவுக்கு வெளிறியிருந்தது. ஒரு வாய் குடித்ததும் ஈறும் நாக்கும் கன்னமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. பச்சை வாழைக்காயைத் தோலோடு கடித்தால் இப்படி இருக்கும். மேசையிலிருந்த அட்டையில் "ரோஜா, தார்" என்று மணத்தை வர்ணித்திருந்தார்கள். தார் என்றால் ரோடு போடுகிற தாரேதான். எல்லாம் பாவனை என்று அன்றைக்கே முடிவு கட்டினேன். அறையில் கூட இருந்த பையனிடம் இதை ஒரு சொற்பொழிவாகவே ஆற்றியதும் நினைவிருக்கிறது.

பன்னீர் ஊர்க்காரன்

இதில் ஒரு வேடிக்கை. எனக்கு ஊர் கம்பம் பக்கம், சுருளிப்பட்டி. மாமாவுக்குத் திராட்சைப் பந்தல் உண்டு. ரோஜா வாசம் அடிக்கிற திராட்சை என்று யாராவது சொன்னால் சிரிக்கக் கூடாத ஒருவன் இருக்கிறான் என்றால் அது நான்தான். எங்கள் திராட்சைக்குப் பெயரே பன்னீர் திராட்சை. பன்னீர் வாசம் வருவதால்தான் அந்தப் பெயர் என்று ஊரில் சொல்வார்கள், 2023இல் புவிசார் குறியீடும் அதே பெயரில்தான் கிடைத்தது. ரோஜாவின் மணத்தில் இருக்கும் ஜெரானியால் என்ற பொருள் மஸ்கட் இனத் திராட்சைகளிலும் இருக்கிறது. அதனால் அது உவமையே இல்லை, வேதியியல்.

இதை நான் தெரிந்துகொண்டது மொஸ்காத்தோ தாஸ்தி குடித்த அன்றுதான். லாங்கேயின் கிழக்குச் சரிவுகளில் விளையும் வெள்ளை மஸ்கட் திராட்சைக்கு இங்கே மொஸ்காத்தோ என்று பெயர். அதில் செய்யும் அந்த ஒயின் லேசாக நுரைக்கும், இனிக்கும், ஆல்கஹால் 5 சதவீதத்தை ஒட்டித்தான். மூக்கருகே கொண்டுபோனதும் மாமா தோட்டத்துக் கூடை நினைவுக்கு வந்துவிட்டது. பெரும்பாலான ஒயின் திராட்சைகள் ஒயினான பிறகு திராட்சையாக மணப்பதில்லை. மொஸ்காத்தோ மணக்கும். தேடிப் படித்தபோது உறவும் தெரிந்தது: நம் பன்னீர் திராட்சை என்பது மஸ்கட் ஹாம்பர்க். 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் கண்ணாடிக் குடில் ஒன்றில் பிறந்த ரகம். பெற்றோரில் ஒன்று அலெக்சாந்திரியா மஸ்கட், சிசிலியில் இதற்கு ட்ஸிபிப்போ என்று பெயர். மற்றது ஸ்கியாவா க்ரோஸ்ஸா, இத்தாலியின் வடகோடியில் ஆல்ப்ஸ் அடிவாரத்துக் கொடி. ஆக, சுருளிப்பட்டிப் பந்தலில் தொங்குவதற்கு இத்தாலியில் தாய்வீடு இருக்கிறது. அம்மாவிடம் போனில் சொன்னேன். "அப்ப அங்க போயும் நம்ம தோட்டத்துத் திராட்சையைத்தான் தேடிட்டு இருந்தியா" என்றாள்.

பெயர்கள் விஷயத்தில் இத்தாலியர்களை நம்பவே கூடாது என்பதையும் அந்த நாட்களில் கற்றேன். தோல்செத்தோ என்றால் "குட்டி இனிப்பு". ஒயினில் இனிப்பு துளியும் இருக்காது, முடிவில் பாதாம் தோல் போல ஒரு மெல்லிய கசப்புதான் நிற்கும். மொந்தேபுல்சியானோ என்பது தோஸ்கானாவில் ஒரு ஊர், அந்த ஊரின் புகழ்பெற்ற ஒயினில் மொந்தேபுல்சியானோ திராட்சை இருக்காது, சாஞ்சோவேசேதான் பிரதானம். மொந்தேபுல்சியானோ திராட்சை வேண்டுமென்றால் மலையைத் தாண்டி அப்ருட்ஸோவுக்குப் போக வேண்டும். ப்ரொசெக்கோ என்று காலங்காலமாக அழைத்த திராட்சைக்கு 2009இல் க்ளேரா என்று பெயரை மாற்றிவிட்டார்கள், வேறு நாட்டுக்காரர்கள் அந்தத் திராட்சையை நட்டு அதே பெயரில் விற்றுவிடக் கூடாதே என்று. இந்த நாட்டில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட உள்ளூர் ரகங்கள் இருக்கின்றன. முழுக்கத் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டு ஒரு நோட்டில் பட்டியல் போட ஆரம்பித்தேன், எழுபத்து சொச்சத்தில் அலுத்துப்போய் விட்டுவிட்டேன். ஒரு மலையை ஒழுங்காகத் தெரிந்துகொண்டால் போதும் என்று தோன்றியது.

ஒரு மலை, மூன்று கொடி

அந்த மலையைக் காட்டியவர் நண்பனின் அப்பாதான். 2019 அக்டோபர் நடுவில் மறுபடி அந்த வீட்டுக்குப் போயிருந்தேன். மறுநாள் நெபியோலோ அறுவடை, பரோலோ செய்வது இந்தத் திராட்சையில்தான். சாப்பாட்டுக்கு முன்னால் தோட்டத்தைச் சுற்றிக் காட்டுகிறேன் என்று கூட்டிப் போனார். காலைப் பனிமூட்டம் கீழே பள்ளத்தாக்கில் பால் ஊற்றியது போலக் கிடந்தது. நெப்பியா என்றால் பனிமூட்டம், இந்தப் பருவத்தில் பறிப்பதால் நெபியோலோ என்று பெயர் வந்ததாக ஒரு கதை உண்டு. அவர் அதை லட்சியம் செய்யவில்லை. "பெயரை விடு, இடத்தைப் பார்" என்றார்.

அவர் காட்டியது இதுதான். மலையில் தெற்குப் பார்த்த சரிவு, நாள் முழுக்க வெயில் விழும் இடம். பீட்மாண்ட் பேச்சில் அதற்கு "சொரீ" என்றே தனிப் பெயர் இருக்கிறது. அந்த இடம் நெபியோலோவுக்கு. அது வசந்தத்தில் மற்றவற்றுக்கு முந்தித் துளிர்த்து, கடைசியாகப் பழுக்கும். பனியில் கருகும் அபாயமும் அதற்கே அதிகம், மழையில் அழுகும் அபாயமும் அதற்கே அதிகம். அதனால்தான் நல்ல வெயிலையெல்லாம் அதற்கு எழுதிவைத்திருக்கிறார்கள். கொஞ்சம் சுமாரான சரிவு பார்பேரா என்ற இன்னொரு கறுப்புத் திராட்சைக்கு. மேலே குளிர்ந்த பகுதி தோல்செத்தோவுக்கு, அது செப்டம்பரிலேயே பழுத்துவிடும் என்பதால் எங்கே வைத்தாலும் பிழைத்துக்கொள்ளும். வடக்குப் பார்த்த சரிவில் கொடியே கிடையாது. அங்கே ஹேசல்நட் மரங்கள், ஆல்பாவின் சாக்லேட் ஆலைக்காக.

மாமாவின் தோட்டத்தை நினைத்துக்கொண்டேன். எங்கள் பந்தலில் கொடி தூங்குவதே இல்லை. கவாத்து செய்தால் மறுபடி காய்க்கும், வருடத்தில் எந்த மாதம் போனாலும் கம்பம் பள்ளத்தாக்கில் எங்காவது திராட்சை பறித்துக்கொண்டிருப்பார்கள். இங்கே வருடத்துக்கு ஒரே முறை. அந்த ஒரு முறையும் ஆலங்கட்டி மழை பத்து நிமிடம் பெய்தால் போச்சு.

நெபியோலோ குலையிலிருந்து ஒரு பழத்தைப் பறித்து வாயில் போடச் சொன்னார். "விழுங்காதே. தோலை மெல்லு. அப்புறம் கொட்டையைக் கடி" என்றார். சாறு இனித்தது, புளித்தது. தோலை மென்றதும் ஆல்பாவில் குடித்த அந்தக் கிளாஸ் அப்படியே வாய்க்குள் வந்தது. துவர்ப்பு. அடடா, இதற்கு நம்மிடம் சொல் இருக்கிறதே என்று அப்போதுதான் உறைத்தது. மூன்று வருடமாக அதை நான் கசப்பு என்று நினைத்துத் திட்டிக்கொண்டிருந்தேன். பாக்கு, நாவல்பழம், வாழைப்பூ, கடுக்காய் இவற்றில் இருப்பது கசப்பா? அறுசுவையில் தனி இடம் கொடுத்து வைத்திருக்கிறோம். டானின் என்று இவர்கள் சொல்லும் பொருள் உமிழ்நீரில் இருக்கும் புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது, வாய் வறண்டு இழுக்கிறது. கூடவே இறைச்சியோ சீஸோ இருந்தால் அந்தப் புரதத்தையும் கொழுப்பையும் பிடித்துக்கொண்டு நம் நாக்கை விட்டுவிடும். வாழைப்பூவை யாராவது பச்சையாகத் தின்றுவிட்டு நன்றாக இல்லை என்பார்களா? மோரில் ஊறப்போட்டு, பருப்பும் தேங்காயும் சேர்த்தல்லவா சமைக்கிறோம். நான் ஆல்பாவில் வெறும் வயிற்றில் செய்தது பச்சை வாழைப்பூவைத் தின்ற வேலை.

பார்பேரா பறித்து முடித்திருந்தார்கள், கொடியில் தப்பிய ஒரு சின்னக் குலை மட்டும் இருந்தது. அதையும் மென்று பார்த்தேன். தோலில் கறுப்புச் சாயம் விரலெல்லாம் ஒட்டியது, துவர்ப்பு குறைவு, புளிப்போ கண்ணைச் சுருக்க வைத்தது. வெளிறிய நெபியோலோ வாயைக் கட்டுகிறது, கறுத்த பார்பேரா கட்டுவதில்லை. நிறத்தை வைத்து ஒயினின் வீரியத்தை எடை போட்ட என் கணக்கு அங்கேயே சரிந்தது. நெபியோலோ தோலில் இருக்கும் சாயப்பொருள் சீக்கிரம் காற்றுப்பட்டு மங்கும் வகையைச் சேர்ந்தது என்பதைப் பிறகு படித்தேன்.

சாப்பாட்டுக்கு ஒயின் எடுக்க நிலவறைக்கு என்னையும் கூட்டிப் போனார். ஒரு மரப்பீப்பாய், சுவரோரம் செங்கல் அலமாரி, சாக்கு வாடை. மூன்றாவது தட்டில் படுக்க வைத்திருந்த ஒரு பாட்டிலின் கழுத்தில் நூல் கட்டி ஒரு சீட்டு தொங்கியது. பென்சிலில் என் பெயர், ஒரு எழுத்து குறைவாக. அதன் கீழே 16-10-2016. அதற்கும் கீழே: "2024க்கு முன் கூடாது."

நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் கவனிக்கவில்லை, தோல்செத்தோ எடுத்துக்கொண்டிருந்தார். அலமாரி முழுக்க அப்படி ஏழெட்டுச் சீட்டுகள் தொங்கின. மகள் பிறந்த வருடத்துப் பாட்டிலும் அதில் ஒன்று. பக்கத்தில்தான் என்னுடையது. மூன்று வருடமாக உள்ளே முணுமுணுத்துக்கொண்டிருந்த அந்தக் குறையை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. பரோலோ சட்டப்படியே குறைந்தது 38 மாதம் வளர்ந்த பிறகுதான் கடைக்கு வரும், அதில் 18 மாதம் மரத்தில். கடைக்கு வந்துவிட்டதால் குடிக்கத் தயார் என்று நினைத்துக்கொண்டது என் தப்பு. தோல்செத்தோ முதலில் பழுக்கும், முதலில் குடிக்க வேண்டும். பார்பேரா நடுவில். நெபியோலோ கடைசியில் பழுக்கும், கடைசியில்தான் திறக்க வேண்டும். வீட்டு ஆட்களுக்கு ஊற்றுவதை எனக்கு ஊற்றிவிட்டு, நான் கொண்டுபோனதை மகளுடைய பாட்டில் பக்கத்தில் வைத்திருந்தார்.

துவர்ப்பைக் குறைக்க வேறு வழியே இல்லையா என்று கேட்டால், அதற்குத்தான் இந்த ஊரில் ஒரு தலைமுறைச் சண்டை நடந்தது. திராட்சைத் தோலைச் சாற்றில் ஊறவைக்கும் நாளைக் குறைத்து, பிரெஞ்சுக்காரர்களின் பாரிக் என்ற 225 லிட்டர் சின்னப் பீப்பாயில் போட்டால் ஒயின் சீக்கிரம் இளகும் என்று எண்பதுகளில் இளைஞர்கள் கிளம்பினார்கள். லா மொர்ரா ஊரின் எலியோ அல்தாரே, அப்பாவின் பழைய பெரிய பீப்பாய்களை மின்ரம்பத்தால் அறுத்தே போட்டார். அப்பா சொத்தில் பங்கில்லை என்று எழுதிவைத்துவிட்டார். மறுபக்கம் பரோலோ ஊரில் பார்த்தோலோ மஸ்கரெல்லோ, "பாரிக் வேண்டாம், பெர்லுஸ்கோனி வேண்டாம்" என்று, அந்த அரசியல்வாதியையும் சேர்த்து, பாட்டிலின் லேபிளிலேயே கையால் எழுதி ஒட்டினார். எனக்கு இரண்டு பக்கத்து ஒயினையும் வாங்கிக் குடிக்க வசதியில்லை, அதனால் நடுநிலை வகிக்கிறேன்.

1986

2024 ஜூனில் கள்ளக்குறிச்சிச் செய்தி வந்தது. கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அம்மா போன் செய்து, "அங்க நீ என்னத்தடா குடிக்கிற, உண்மையைச் சொல்லு" என்று அழுதாள். இங்கே அதெல்லாம் நடக்காதும்மா என்றேன். அடுத்த வாரம் மோன்ஃபோர்தேயில் இதைச் சொன்னபோது நண்பனின் அப்பா கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "இங்கே நடந்ததே" என்றார்.

1986 மார்ச்சில். மெத்தனால் மீதிருந்த வரி போய் அது மலிவாகிவிட்டது, தண்ணீராகக் கிடந்த மட்டமான ஒயினில் ஆல்கஹால் அளவைக் கூட்டிக் காட்ட அதை ஊற்றினார்கள். கடைகளில் மிக மலிவாகக் கிடைத்த பெரிய பாட்டில்கள் அவை. லேபிளில் பார்பேரா என்று இருந்தது. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், பலருக்குக் கண் போனது. கலப்படம் நடந்த இடங்களில் ஒன்றான நார்சோலே இந்த மலைகளுக்குப் பக்கத்து ஊர்தான். அப்போது இவருக்கு முப்பத்து மூன்று வயது. அந்த வருடம் பார்பேரா என்ற பெயரைச் சொன்னாலே வாங்குபவர்கள் போனை வைத்துவிடுவார்கள் என்றார். செத்தவர்கள் யார் என்று கேட்டேன். "மலிவானதை வாங்குகிறவர்கள்தான். வேறு யார்" என்றார். அன்றைக்கு யாரும் ஒயின் பற்றிப் பேசவில்லை. அம்மாவிடம் நான் சொன்னது பொய் என்பதை மட்டும் அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

திறந்த அன்று

அதே வருடம் நவம்பரில், சான் மார்த்தினோ திருநாளை ஒட்டிய ஞாயிறு. விவசாய வருடம் முடிகிற நாள் அது. இரண்டு நாள் முன்பே பாட்டிலை நிமிர்த்தி வைத்திருந்தார், வண்டல் அடியில் தங்கட்டும் என்று. காலையிலேயே தக்கையை எடுத்துவிட்டார். முதலில் வழக்கம் போலத் தோல்செத்தோ வந்தது, பச்சையிறைச்சிக் கொத்தோடும் தாயரீன் நூடுல்ஸோடும். ஒயினில் நாள் முழுக்க வெந்த மாட்டிறைச்சி மேசைக்கு வந்த பிறகுதான் என் பாட்டில் வந்தது.

கிளாஸில் ஓரம் செங்கல் நிறம். முகர்ந்து பார்த்தேன். கல்யாண மாலையை மறுநாள் காலையில் ஆணியில் மாட்டியிருப்பார்களே, இதழ் வாடி, ஈரம் காய்ந்து, அந்த ரோஜா. கொஞ்ச நேரம் போனதும் அடியில் இன்னொன்று வந்தது. சித்திரை வெயிலில் இளகிய ரோட்டின் வாசம், மிக லேசாக. எட்டு வருடத்துக்கு முன் அறையில் ஆற்றிய சொற்பொழிவைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். துவர்ப்பு போகவில்லை. இருந்தது, ஆனால் வாயைக் கட்டிப்போடாமல், பாக்கு நன்றாக ஊறின பிறகு இருப்பது போல இருந்தது. ஒரு வாய் இறைச்சி, ஒரு வாய் ஒயின் என்று போனதில் அதுவும் கரைந்தது.

எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். நன்றாக இருந்தது. உண்மையிலேயே நன்றாக இருந்தது. ஆனால் எட்டு வருடம் காத்த எதுவும் அந்த எட்டு வருடத்துக்கு ஈடாக இருக்குமா? இரண்டாவது கிளாஸுக்குப் பிறகு எனக்கு வேறொன்றின் மேல் மனம் போனது. புளிக்குழம்பில் வளர்ந்த நாக்கு. கூச்சத்தை விட்டுக் கேட்டேன்: கொஞ்சம் பார்பேரா கிடைக்குமா?

நண்பன் தலையில் அடித்துக்கொண்டான். அவன் அப்பா வெடித்துச் சிரித்துவிட்டு நிலவறைக்கு இறங்கினார். இறங்கும்போது நான் அன்றைக்குக் கொண்டுபோயிருந்த புதுப் பாட்டிலையும், 2020ஆம் ஆண்டு பரோலோ, கையோடு எடுத்துக்கொண்டார். பின்னாலேயே நானும் போனேன். அலமாரியில் காலியாகியிருந்த அதே இடத்தில் அதைப் படுக்க வைத்தார். சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்துச் சீட்டில் தேதி போட்டு, 2034 என்று எழுதினார். அவருக்கு அப்போது எழுபத்தொன்று. என் பெயரில் அந்த ஒரு எழுத்து இன்னும் குறைகிறது.